பட்டன் போனில் ஆங்கிலம் சொல்லித்தர

ஆசிரியர்களே, பிள்ளைகளின் வீட்டுக்கு ஸ்மார்ட்போன் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். பட்டன் போனே போதும். வங்கதேசத்தில் 2009-ல் தொடங்கிய பிபிசி ஜனாலா என்ற ஆங்கிலப் பாடச் சேவை, 3000 என்ற எண்ணை அழைத்தவர்களுக்கு மூன்று நிமிட ஒலிப்பாடம் தந்தது. நானும் அந்த அளவைத் தாண்டுவதில்லை.

ஒரு பாடத்துக்கு ஒரே வாக்கியம். "வேர் இஸ் த பஸ்?" என்று நிதானமாகச் சொல்லிப் பதிவுசெய்யுங்கள். பிறகு பிள்ளை திருப்பிச் சொல்ல ஐந்து விநாடி விடுங்கள். அந்த இடைவெளி இல்லாவிட்டால் கேட்பார்கள், வாய் திறக்க மாட்டார்கள். அடுத்து பஸ்ஸுக்குப் பதில் டாக்டர், டீச்சர் என்று மாற்றிச் சொல்லவையுங்கள்.

போன் பெரும்பாலும் அப்பாவின் சட்டைப்பையில்தான் இருக்கும்; அவர் வேலை முடிந்து வந்தபிறகு அழைத்து, பதிவை ஒலிக்கவிடுங்கள். ஸ்பீக்கரில் போடச் சொல்லுங்கள். அம்மாவும் சேர்ந்து சொன்னால் எனக்கு அத்தனை சந்தோஷம்! நெட் உள்ள வீட்டுக்கும் ஆடியோவே அனுப்புங்கள், வீடியோ அவர்கள் டேட்டாவைத் தின்றுவிடும்.