பேஸ் கிட்டார்: மேடையில் காலை வாரும் தவறுகள்

கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கம் மாசி பிறந்தால் மெல்லிசைக் குழுக்களுக்கு ஓய்வு கிடையாது. கோயில் நோம்பி, கல்யாண வரவேற்பு, சர்ச் விழா என்று தேதி நிரம்பிவிடும். அந்த மேடைகளில் புதிதாக பேஸ் வாசிக்க வருகிறவர்களிடம் ஒரு குறை திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது: சத்தத்தை எழுப்பத் தெரிகிறது, நிறுத்தத் தெரிவதில்லை. விரல் வேகமாகத்தான் ஓடும். ஆனால் முந்தின சுரம் அடங்குவதற்குள் அடுத்தது அதன் மேல் ஏறி, கீழ்ச்சத்தம் முழுவதும் கூழாகிவிடும். கேட்கிறவர்கள் மைக்செட்டைத் திட்டுவார்கள். மைக்செட்காரர், பாவம், குமிழைத் திருகித் திருகிப் பார்ப்பார்.

இதைச் சோதிக்க ஒரு நிமிடம் போதும். பேஸின் நான்கு ஸ்ட்ரிங், தடித்ததிலிருந்து ஈ, ஏ, டி, ஜி; நெக்கின் குறுக்கே பதித்த கம்பிகள்தான் ஃப்ரெட். ஏ ஸ்ட்ரிங்கின் 5-ஆம் ஃப்ரெட்டில் ஒரு சுரம் வாசித்து உடனே அடக்குங்கள். ஆம்ப்பில் இன்னும் ஏதோ முனகுகிறதா? அது டி ஸ்ட்ரிங். அதை நீங்கள் தொடவே இல்லை. ஆனால் இரண்டும் ஒரே சுரம், 73.4 ஹெர்ட்ஸ் என்பதால் அது தானாக அதிரத் தொடங்கிவிட்டது. வீட்டு ஆம்ப்பில் இது காதில் விழாது, 15 அங்குல ஸ்பீக்கர் பெட்டிகள் அடுக்கிய மேடையில் நன்றாகவே விழும்.

அடக்கும் வேலை இரண்டு கைக்கும் உண்டு. வலது கட்டைவிரலை எந்நேரமும் பிக்கப் (ஸ்ட்ரிங்குக்குக் கீழே அதிர்வைப் பிடிக்கும் காந்தப் பெட்டி) மேலேயே ஊன்றி வைத்திருப்பது முதல் பிழை. ஈ வாசிக்கும்போது அது பிக்கப்பில் இருக்கலாம். ஏ-க்குப் போனால் கட்டைவிரல் ஈ மேல் இறங்க வேண்டும். டி-க்கும் ஜி-க்கும் போகும்போது ஏ மேல் சாய்ந்து, விரலின் பக்கவாட்டு ஈ-யையும் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஜி வாசிக்கையில் மோதிர விரல் டி மேல் கிடக்கட்டும். வாசிக்கும் ஸ்ட்ரிங்கை விட மெல்லியவற்றை இடது ஆள்காட்டி விரலின் உள்பக்கம் அழுத்தாமல் தொட்டு அடக்கும். 5, 7, 12-ஆம் ஃப்ரெட் கம்பிக்கு நேர் மேலே ஒற்றை விரலால் தொட்டால் அடங்குவதற்குப் பதிலாக ஹார்மோனிக், அதாவது மணி போன்ற மேல்சுரம், கிளம்பிவிடும். அந்த இடங்களில் இரண்டு விரல் வைத்துத் தொடுங்கள்.

சுரத்தின் நீளத்துக்குத் தனிப் பயிற்சி வேண்டும். மெட்ரோனோமை 60-இல் வைத்து, ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சுரம் வாசித்து, அடுத்த தட்டுக்குச் சரிபாதி வழியில் அதை வெட்டுங்கள். அது கைவந்ததும் மெட்ரோனோமை 30-க்கு இறக்கி, அந்தத் தட்டை 2, 4-ஆம் எண்ணிக்கையாக நினைத்து வாசியுங்கள். 1-உம் 3-உம் இப்போது உங்கள் பொறுப்பு. டோலக்கும் பேடும் (எலக்ட்ரானிக் ட்ரம்) சேர்ந்து நடக்கும் பாட்டில் பேஸ் எங்கே தொடங்குகிறது என்பதைப் போலவே எங்கே முடிகிறது என்பதும் ஆட்டத்தைக் கூட்டும். பேட் வாசிப்பவர் கிக் ட்ரம்முக்கு ஆழமான சத்தம் வைத்திருந்தால் உங்கள் சுரம் குட்டையாக இருக்கட்டும். இரண்டும் ஒரே நேரத்தில் நீண்டு ஒலித்தால் இரண்டுமே கேட்காது.

கைப்பழக்கம் பற்றி இன்னும் இரண்டு விஷயம். ஃப்ரெட் கம்பியை ஒட்டி, அதற்குச் சற்றுப் பின்னால் அழுத்தினால் பாதி பலம் போதும். இரண்டு கம்பிக்கும் நடுவில் அழுத்துகிறவர்களுக்குத்தான் கரகரப்பு வரும், அதைப் போக்க இன்னும் அழுத்துவார்கள், மூன்றாவது பாட்டில் கை பிடித்துக்கொள்ளும். 34 அங்குல ஸ்கேல் (ஸ்ட்ரிங் நீளம்) பேஸில் முதல் ஐந்து ஃப்ரெட்டுக்குள் விரலுக்கு ஒரு ஃப்ரெட் என்று விரித்து வைப்பதும் வீண் வேலை. டபுள் பேஸ்காரர்களின் 1-2-4 முறை, அதாவது ஆள்காட்டி, நடுவிரல், சுண்டுவிரல் மூன்றால் மூன்று ஃப்ரெட் பிடிப்பது, சின்னக் கைகளுக்கு வரப்பிரசாதம். வலது கையால் ஓங்கி இழுக்காதீர்கள். ஸ்ட்ரிங் போய் ஃப்ரெட்டில் மோதி 'டக்' என்ற சத்தம்தான் மிஞ்சும். ஆம்ப்பைக் கூட்டிவிட்டு மெதுவாக வாசிப்பதே சரி.

கட்டையும் ட்ரான்ஸ்போஸும்

ஒத்திகையில் சரியாக வாசித்தவர் மேடையில் தப்பும் தவறுமாக வாசிக்கிறார் என்றால், பெரும்பாலும் காரணம் கீபோர்டின் ட்ரான்ஸ்போஸ் பட்டன், அதாவது கை வைக்கும் இடம் மாறாமல் ஒலிக்கும் சுருதியை மட்டும் ஏற்றி இறக்கும் பட்டன். பாடகர் தண்ணீர் குடித்துக்கொண்டே, "ஏனுங்ணா, இந்தப் பாட்டு அரைக் கட்டை இறக்கிக்கலாமுங்களா? தொண்டை கட்டிக்கிச்சு" என்பார். கீபோர்டுக்காரர் ஒரு பட்டனைத் தட்டிவிட்டு, கையில் பழைய கார்டையே (chord) பிடிப்பார். நீங்கள் அவர் கையைப் பார்த்தோ, அவர் சொன்ன கார்டைக் கேட்டோ வாசித்தால் அரைக் கட்டை தள்ளி நிற்பீர்கள். கீபோர்டுத் திரையில் −1 (அரைக் கட்டை கீழே) இருந்தால் அவர் சொல்லும் ஜி உண்மையில் எஃப் ஷார்ப். +3 இருந்தால் அவருடைய ஏ மைனர் உங்களுக்கு சி மைனர். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் "ட்ரான்ஸ்போஸ் எத்தனை?" என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

கட்டை என்பது பாட்டின் ஆதார சுருதியைச் சொல்லும் எண். அந்தக் கணக்கை ஃப்ரெட்டாக மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 1 கட்டை என்பது சி, ஏ ஸ்ட்ரிங் 3-ஆம் ஃப்ரெட். 2 என்பது டி, அதே ஸ்ட்ரிங் 5. 3 என்பது திறந்த (எந்த ஃப்ரெட்டிலும் அழுத்தாத) ஈ. 4 என்பது எஃப், ஈ ஸ்ட்ரிங் 1. 5 ஜி, அதில் 3. 6 ஏ, அதில் 5. 7 பி, அதில் 7. மூன்றுக்கும் நான்குக்கும் இடையில் அரை கிடையாது. 4 கட்டைப் பாட்டை அரை இறக்கினால் நேராக 3. ஏழுக்கும் அதற்கு அடுத்து மேலே வரும் ஒன்றுக்கும் இடையிலும் அப்படித்தான். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள்.

இதனாலேயே பாட்டைத் திறந்த ஸ்ட்ரிங் இல்லாமல் படித்து வைப்பது நல்லது. வடிவம் அப்படியே ஒரு ஃப்ரெட் நகரும், கை குழம்பாது. திறந்த ஈ, ஏ-யை நம்பி அமைந்த சில எண்பதுகளின் சினிமாப் பாட்டுகள் விதிவிலக்கு. அவற்றைக் கட்டை மாற்றாமல் பாட ஆள் இருந்தால் பாடுங்கள், இல்லாவிட்டால் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். ஒரே ஒரு பாட்டுக்காக மேடையில் நின்று நான்கு ஸ்ட்ரிங்கையும் அரை இறக்குவது வேண்டாத வேலை. இழுவிசை குறைந்ததும் நெக் அசையும், திரும்ப ஏற்றினாலும் ஓரிரு பாட்டுக்கு ட்யூனிங் நிற்காது.

கருவி

முதல் பேஸே ஐந்து ஸ்ட்ரிங் வேண்டுமா என்று கேட்பார்கள். 1, 2 கட்டைப் பாட்டு நிறைய வரும் குழு என்றால் கீழே சி, டி கிடைப்பது லாபம்தான். ஆனால் அந்த ஐந்தாவது ஸ்ட்ரிங், திறந்த பி, 30.9 ஹெர்ட்ஸ், பெரும்பாலான மைக்செட் பெட்டிகளில் 40-க்குக் கீழே பெரிதாக ஒன்றும் வராது. அடக்க வேண்டிய ஸ்ட்ரிங்கும் ஒன்று கூடும். நான்கில் கை அடங்கிய பிறகு வாங்கலாம்.

செட்டப் செய்யாத புது பேஸை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுவது இன்னொரு பிழை. ஈ ஸ்ட்ரிங்கை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்தி, 7-ஆம் ஃப்ரெட்டில் இடைவெளி பாருங்கள். சுமார் 0.3 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். கூடுதல் என்றால் நெக்குக்குள் இருக்கும் ட்ரஸ் ராடைக் கடிகார திசையில் கால் சுற்று மட்டும் திருப்பி, மீண்டும் ட்யூன் செய்து பாருங்கள். ஒரே மூச்சில் முழுச் சுற்று திருகி ராடை உடைத்தவர்கள் உண்டு. அதற்குப் பிறகு 12-ஆம் ஃப்ரெட்டில் உயரம்: ஈ 2 முதல் 2.5 மில்லிமீட்டர், ஜி 1.5 முதல் 2. கடைசியாக இன்டோனேஷன், அதாவது மேல் ஃப்ரெட்டுகளிலும் சுரம் சுத்தமாக நிற்பது. 12-இல் அழுத்திய சுரம் அதே இடத்து ஹார்மோனிக்கை விட ஏறியிருந்தால் சேடிலை (பிரிட்ஜில் ஸ்ட்ரிங் அமரும் துண்டு) பின்னால் தள்ளுங்கள், இறங்கியிருந்தால் முன்னால். இந்த வரிசையை மாற்றிச் செய்தால் எல்லாவற்றையும் திரும்பச் செய்ய வேண்டிவரும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசத் தொடங்கியதும் ஒருமுறை சரிபாருங்கள், ஈரப்பதம் மாறினால் மரம் அசையும்.

ஆக்டிவ் பேஸில் ஜாக்கைச் செருகியிருக்கும் வரை 9 வோல்ட் பேட்டரி ஓடிக்கொண்டே இருக்கும். இரவு முழுக்கச் செருகி வைத்துவிட்டு மறுநாள் சத்தம் உடைகிறது என்று பிக்கப்பைச் சந்தேகிப்பது வாடிக்கை. பேட்டரி இல்லாத பாசிவ் பேஸை நேராக மிக்ஸரின் லைன் உள்ளீட்டில் செருகினால் வேறு பிரச்சினை. பிக்கப்புக்குச் சுமார் 1 மெகா ஓம் வேண்டும், லைன் உள்ளீடு பொதுவாக 10 கிலோ ஓம் அளவில்தான் இருக்கும். மேல்சத்தம் செத்து, போர்வை போர்த்தியது போலக் கேட்கும். பேஸின் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றும் டிஐ பாக்ஸ் ஒன்று சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள். அது ஆக்டிவ் வகை என்றால் மிக்ஸரில் 48 வோல்ட் ஃபேன்டம் (மைக் கேபிள் வழியாகவே வரும் கரண்ட்) போடச் சொல்ல வேண்டும்.

ஆம்ப்பிலிருந்து ஸ்பீக்கர் பெட்டிக்குக் கிட்டார் கேபிளைப் போடாதீர்கள், அந்த மெல்லிய கம்பி சூடேறிவிடும். 4 ஓம் வரைதான் தாங்கும் என்று எழுதியிருக்கும் ஆம்ப்பில் 8 ஓம் பெட்டி இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மண்டபமும் மைதானமும்

வீட்டு ஆம்ப்பில் கீழ்ச்சத்தமும் மேல்சத்தமும் ஏற்றி நடுச்சத்தத்தை இறக்கி வைத்தால் தனியாகக் கேட்க அழகாக இருக்கும். மேடையில் அந்தச் சத்தம் காணாமல் போகும். பேஸ் என்ன சுரம் வாசிக்கிறது என்று காது கண்டுபிடிப்பது பெரும்பாலும் 700 முதல் 1,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில்தான். கான்கிரீட் கல்யாண மண்டபத்தில் 100 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தைக் குறைத்து இந்த நடுப்பகுதியைக் கொஞ்சம் ஏற்றுங்கள். திறந்த மைதானத்தில் சுவர் இல்லாததால் கீழ்ச்சத்தம் கரைந்துபோகும், அங்கே கொஞ்சம் கூட்டலாம். ஆம்ப் பக்கத்தில் நின்று முடிவு செய்யாமல் பத்தடி முன்னால் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள்.

கரண்ட் விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். கோயில் மேடையில் செருப்பு கிடையாது. மஞ்சள் நீராட்டு நடந்த நாளில் தரையும் ஈரம். ஜெனரேட்டருக்கு எர்த் அடிக்காமல் விட்டிருந்தால், கையில் ஸ்ட்ரிங்கும் உதட்டில் மைக்கும் பட்ட நொடியில் ஷாக் உங்கள் வழியாகப் போகும். ஆம்ப்பும் மிக்ஸரும் ஒரே இணைப்புப் பலகையிலிருந்து கரண்ட் எடுக்கட்டும். வாசிக்கும் முன் மைக்கின் உலோக வலையிலும் ஸ்ட்ரிங்கிலும் டெஸ்டர் வைத்துப் பாருங்கள். லேசாக எரிந்தாலும் எலக்ட்ரீஷியன் வந்து பார்க்கும் வரை கருவியைத் தொட வேண்டாம். எரியவில்லை என்றாலும் எர்த் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். காலுக்கு ஒரு ரப்பர் மேட் வண்டியிலேயே கிடக்கட்டும்.

'ம்ம்ம்' என்ற இரைச்சலை நிறுத்த மூன்று முள் ப்ளக்கின் எர்த் முள்ளை உடைக்கிறவர்களைப் பார்க்கலாம். உயிரோடு விளையாடும் வேலை அது. டிஐ பாக்ஸில் உள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டினாலே பெரும்பாலும் நின்றுவிடும். அது சிக்னல் கேபிளின் எர்த்தை மட்டும் பிரிக்கும், கரண்டின் எர்த்தைத் தொடாது. நம் ஊர்க் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். ஈ ஸ்ட்ரிங்கின் 3-ஆம் ஃப்ரெட் 49. 5 கட்டைப் பாட்டில் அந்த இரைச்சல் உங்கள் சுரத்தோடு உரசி அலையடிப்பதால்தான் ட்யூனிங் தப்பிவிட்டது போலத் தோன்றும். இரைச்சல் சீரியல் லைட்டிலிருந்து சிங்கிள் காயில் பிக்கப்புக்கு வருகிறது என்றால், நீங்கள் கொஞ்சம் திரும்பி நின்றாலே குறையும்.

மற்றவை சில்லறை. பேசும்போதே வண்டி வாடகை யார் தருவது, எத்தனை மணிக்கு முடிப்பது என்பதைக் கேட்டுவிடுங்கள். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி திறந்தவெளியில் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. விழா நாட்களுக்கு அரசு நள்ளிரவு வரை தளர்வு தந்திருந்தால்தான் உண்டு. சிம்பல் பக்கம் நிற்க நேர்ந்தால் காதுக்கு ப்ளக் போடுங்கள், 100 டெசிபெல்லில் கால் மணி நேரமே அதிகம். 4 கிலோ பேஸை நான்கு மணி நேரம் சுமக்க ஸ்ட்ராப் மூன்று அங்குல அகலமாவது வேண்டும். கச்சேரி முடிந்ததும் ஸ்ட்ரிங்கைத் தளர்த்தி வைக்கத் தேவையில்லை. சித்திரை வெயிலில் நிறுத்திய கார் டிக்கியில் மட்டும் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள், பசை இளகி நெக் திருகிக்கொள்ளும்.