கிம்ப் 3-இல் என் பென்சில் எங்கே போச்சு? பழைய தோற்றத்தை மீட்கும் வழி

பத்து வருடத்துக்கு மேல் உழைத்த என் லேப்டாப் கண்ணை மூடிவிட்டது. அதில் இருந்தது படங்களைத் திருத்தும் மென்பொருளான கிம்ப் 2.8. 2012-இல் வெளிவந்த பதிப்பு, நான் அதை மாற்றவே இல்லை, மாற்றவும் தோன்றவில்லை. புது லேப்டாப்பில் அக்கா மகன் கிம்ப் 3-ஐப் போட்டுவிட்டு "எல்லாம் ரெடி மாமா" என்று சொல்லிக் கிளம்பிவிட்டான்.

அவன் போனதும் திறந்து பார்த்தால் ஒன்றும் புரியவில்லை. திரை முழுக்க இருட்டு. கலர் கலராக இருந்த ஐகான்கள் எல்லாம் வெள்ளைக் கோடுகளாகிவிட்டன. பென்சிலைக் காணோம், ஏர்பிரஷைக் காணோம், கறை எடுக்கும் ஹீல் டூலைக் காணோம். நான் டிசைனர் ஒன்றும் இல்லை. சொந்தத்தில் யாருக்காவது காதுகுத்து, கிரகப்பிரவேசம் என்றால் பத்திரிகை செய்து கொடுப்பேன், பழைய போட்டோவில் பூஞ்சைக் கறை எடுப்பேன், அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவையும் கண் பார்ப்பதற்கு முன்னால் கை செய்துவிடும். இப்போது கை பழைய இடத்துக்குப் போகிறது, அங்கே வேறு எதுவோ உட்கார்ந்திருக்கிறது.

பழைய 2.8-ஐயே தேடிப் போட்டால் என்ன என்று நீங்கள் கேட்பது புரிகிறது. எனக்கும் அதுதான் முதலில் தோன்றியது. புது லேப்டாப்புகளின் திரை ரெசல்யூஷன் அதிகம், அந்தக் காலத்து கிம்புக்கு அது பழக்கமில்லை, ஐகான்கள் எறும்பு சைஸில் தெரியும். 3-இல் அது சரியாகிவிட்டது, ஏனென்றால் ஜன்னல், பட்டன்களை வரைந்து காட்டும் அடித்தளமே ஜிடிகே 2-இலிருந்து ஜிடிகே 3-க்கு மாறியிருக்கிறது. அந்த வேலை வருடக்கணக்கில் இழுத்து, 2025 மார்ச்சில்தான் கிம்ப் 3.0 வந்தது. ஆக, புதியதை வைத்துக்கொண்டு தோற்றத்தை மட்டும் பழையபடி ஆக்குவதுதான் புத்திசாலித்தனம். எனக்கு இரண்டு ராத்திரி பிடித்தது, உங்களுக்குப் பதினைந்து நிமிடம் போதும்.

படி 1: இருட்டையும் ஐகானையும் மாற்றுவது

எடிட் → பிரிஃபரன்சஸ் → இன்டர்ஃபேஸ் → தீம். அங்கே கலர் ஸ்கீம் என்று இருக்கும், அதில் லைட் அல்லது கிரே. போட்டோ வேலை செய்பவர்களுக்குக் கிரேதான் என் சிபாரிசு. வெள்ளைப் பின்னணியில் படம் இருப்பதைவிட இருட்டாகவும், கறுப்புப் பின்னணியில் இருப்பதைவிட வெளிச்சமாகவும் தெரியும், பிரிண்ட் எடுத்த பிறகு முழிக்க வேண்டியிருக்கும்.

அதற்கு அடுத்தது ஐகான் தீம். அதில் லெகசி என்பதைத் தேர்ந்தெடுங்கள். பழைய கலர் ஐகான்கள் அதில்தான் இருக்கின்றன.

(சேர்ப்பு: லெகசி வைத்தும் கலர் வரவில்லை என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். அதே பக்கத்தில் "யூஸ் சிம்பாலிக் ஐகான்ஸ் இஃப் அவெய்லபிள்" என்று ஒரு டிக் இருக்கிறது, அதை எடுத்துவிடுங்கள். என் கணினியில் அதை எப்போதோ எடுத்திருக்கிறேன், எழுதும்போது மறந்துவிட்டேன்.)

படி 2: பென்சிலை வெளியே கொண்டுவருவது

பென்சில் காணாமல் போகவில்லை, பெயின்ட்பிரஷுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. 2020 பிப்ரவரியில் வந்த 2.10.18-இலிருந்தே டூல்களைக் குழுக் குழுவாக அடுக்கி, ஒரு குழுவுக்கு ஒரு ஐகான்தான் காட்டுகிறார்கள். பெயின்ட்பிரஷ் ஐகானை அழுத்திப் பிடித்தால் அல்லது ரைட் கிளிக் செய்தால் பென்சில், ஏர்பிரஷ், இங்க் எல்லாம் பக்கத்தில் விரியும். ஃபோட்டோஷாப்பில் இருந்து வருபவர்களுக்கு இது பழகின விஷயம். எனக்கு ஒவ்வொரு தடவையும் அழுத்திப் பிடித்துக் காத்திருக்கப் பொறுமை இல்லை.

பிரிஃபரன்சஸ் → இன்டர்ஃபேஸ் → டூல்பாக்ஸ். அங்கே "யூஸ் டூல் குரூப்ஸ்" என்ற டிக்கை எடுங்கள். உடனே எல்லா டூலும் வெளியே வந்து நிற்கும். அதே பக்கத்தில் டூல்களின் பட்டியல் இருக்கிறது, கண் அடையாளத்தை அழுத்தினால் வேண்டாதது மறையும், இழுத்தால் வரிசை மாறும். எனக்குக் கேஜ் டிரான்ஸ்ஃபார்ம், வார்ப் இரண்டும் வேண்டாம், எடுத்துவிட்டேன். பழைய வரிசை ஞாபகம் இருந்தால் அப்படியே அடுக்கிக்கொள்ளலாம், என் கைக்கு ஞாபகம் இருந்தது.

குரூப்பை எடுத்ததும் டூல்பாக்ஸ் நெருக்கமாகத் தெரிந்தால், படத்துக்கும் டூல்பாக்ஸுக்கும் நடுவில் உள்ள கோட்டைப் பிடித்து அகலமாக்குங்கள். நான் ஐந்து ஐகான் ஒரு வரிசையில் வரும்படி வைத்திருக்கிறேன்.

படி 3: ஷார்ட்கட்

இங்கே ஒரு பொறி இருக்கிறது. 2.8-இல் அளவு மாற்றும் ஸ்கேல் டூலுக்கு ஷிஃப்ட்+டி. இப்போது அதை அழுத்தினால் யூனிஃபைட் டிரான்ஸ்ஃபார்ம் வருகிறது, பார்க்க ஸ்கேல் மாதிரியேதான் இருக்கும், பிடிக்கும் இடம் கொஞ்சம் மாறினாலும் படம் சாய்கிறது, சுழல்கிறது. ஸ்கேல் இப்போது ஷிஃப்ட்+எஸ். ப்ளெண்ட் என்று ஒரு டூல் இருந்ததே, அதற்குப் பெயரே மாறி கிரேடியன்ட் ஆகிவிட்டது, ஷார்ட்கட் எல் இல்லை, ஜி.

எடிட் → கீபோர்டு ஷார்ட்கட்ஸில் போய் டூல் பெயரைத் தேடி, வேண்டிய கீயைக் கொடுக்கலாம். அந்தக் கீ வேறு எதற்காவது இருந்தால் கேட்கும், மாற்றச் சொல்லிவிடுங்கள்.

எந்தக் கட்டளை எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லையா, சாய்கோட்டை, அதாவது கேள்விக்குறி இருக்கும் அதே கீயைத் தட்டுங்கள். ஒரு தேடல் பெட்டி வரும். அதில் பெயரில் பாதியை அடித்தாலே போதும். புதிய கிம்பில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான், மெனுக்களை இனி எப்படி வேண்டுமானாலும் கலைத்துப் போடட்டும்.

கன்ட்ரோல்+எஸ் பற்றி ஒரு வார்த்தை. சேவ் என்றால் கிம்பின் சொந்த ஃபைல் வகையான எக்ஸ்சிஎஃப் மட்டும், ஜேபெக் வேண்டுமென்றால் எக்ஸ்போர்ட் என்று பிரித்தது 2.8-இலேயே. அப்போது எழுந்த கூச்சல் இன்னும் அடங்கவில்லை. சிலர் கன்ட்ரோல்+எஸ்-ஐ, திறந்த ஃபைலின் மேலேயே எழுதிவிடும் ஓவர்ரைட்டுக்கு மாற்றிக்கொள்ளச் சொல்கிறார்கள். நானும் மாற்றினேன். பழைய குடும்பப் படம் ஒன்றைச் சின்னதாக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, கை பழக்கத்தில் கன்ட்ரோல்+எஸ் அடித்தேன். பெரிய ஸ்கேன் போச்சு. சித்தப்பா வீட்டுக்கு மறுபடி போய், ஆல்பத்தை வாங்கிவந்து ஸ்கேன் எடுத்தேன். மாற்றாதீர்கள். கன்ட்ரோல்+இ பழகிக்கொள்வது சுலபம்.

படி 4: எல்லாம் மறைந்து போனால்

என் முதல் ராத்திரி முழுக்க இதில்தான் போனது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டூல்பாக்ஸ், லேயர் (படத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும் அடுக்குகள்) பட்டியல் எல்லாம் அழகாக அடுக்கி முடித்தேன். டெக்ஸ்ட் டூலில் கல்யாணப் பத்திரிகைக்கு ஏதோ தட்டச்சு செய்துகொண்டிருந்தவன், வெளியே கிளிக் செய்துவிட்டு என்னவோ அழுத்தினேன். பொசுக்கென்று இரண்டு பக்கமும் காலி. நடுவில் படம் மட்டும் நிற்கிறது. மூடித் திறந்தேன், அப்படியேதான் இருந்தது. கணினியையே ரீஸ்டார்ட் செய்தேன், அப்போதும் அதே. கிம்பின் மேலே உள்ள விண்டோஸ் மெனுவில் டாக்கபிள் டயலாக்ஸ் போய் லேயரை அழுத்தினால், ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்தது.

அப்புறம் செய்ததுதான் மடத்தனம். செட்டிங் கெட்டுவிட்டது என்று நினைத்து, யூசர் ஃபோல்டரில் ஆப்டேட்டா, அதற்குள் ரோமிங், அதற்குள் கிம்ப், அங்கே இருந்த 3.0 என்ற ஃபோல்டரையே அழித்துவிட்டேன். டூல்பாக்ஸ் திரும்பி வந்தது. கூடவே குழு வந்தது, இருட்டு வந்தது, வெள்ளைக் கோட்டு ஐகான் வந்தது. நான் போட்டு வைத்த கோல பிரஷ்கள், மாற்றிய ஷார்ட்கட் எல்லாம் போயே போச்சு.

நடந்தது என்னவென்றால் டேப் கீயில் விரல் பட்டிருக்கிறது. கிம்பில் படத்தின் மேல் இருக்கும்போது டேப் அழுத்தினால் எல்லா டாக்கும், அதாவது ஓரத்தில் நிற்கும் டூல்பாக்ஸ், லேயர் பலகைகள் எல்லாம், மறையும், மறுபடி அழுத்தினால் வரும். விண்டோஸ் மெனுவில் "ஹைட் டாக்ஸ்" என்று அதே விஷயம் டிக்கோடு இருக்கிறது. மூடும்போது அந்த நிலையையும் சேர்த்து ஞாபகம் வைத்துக்கொள்வதால்தான் மூடித் திறந்தாலும் வரவில்லை. ஒரே ஒரு கீ!

எனவே இந்த வரிசையில் போங்கள். முதலில் டேப். வரவில்லை என்றால் விண்டோஸ் → ரீசன்ட்லி குளோஸ்டு டாக்ஸ். அதிலும் இல்லை என்றால் பிரிஃபரன்சஸ் → இன்டர்ஃபேஸ் → விண்டோ மேனேஜ்மென்ட்டில் "ரீசெட் சேவ்டு விண்டோ பொசிஷன்ஸ்" பட்டனை அழுத்தி, கிம்பை மூடித் திறக்க வேண்டும். திறந்தபடியே காத்திருந்தால் எதுவும் மாறாது. ஃபோல்டரை அழிப்பது கடைசி, அதையும் அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றி வையுங்கள், பிரஷ்களை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

படி 5: ஒரு தடவை அடுக்கியதை அப்படியே நிறுத்துவது

அதே விண்டோ மேனேஜ்மென்ட் பக்கம்தான். எல்லாவற்றையும் பிடித்தபடி அடுக்குங்கள். பிறகு "சேவ் விண்டோ பொசிஷன்ஸ் ஆன் எக்ஸிட்" என்ற டிக்கை எடுங்கள். கீழே உள்ள "சேவ் விண்டோ பொசிஷன்ஸ் நவ்" பட்டனை அழுத்துங்கள், ஓகே கொடுங்கள். இனி வீட்டுப் பிள்ளைகள் எதை இழுத்துப் போட்டாலும், மூடித் திறந்தால் உங்கள் அடுக்குதான். டேப் பிரச்சினைக்கும் இதுவே மருந்து. இதை முதல் ராத்திரியே யாராவது சொல்லியிருக்கலாம்.

விண்டோஸ் மெனுவில் சிங்கிள்-விண்டோ மோட் என்பதை எடுத்தால் 2.8 மாதிரி தனித்தனி ஜன்னலாகவும் வைத்துக்கொள்ளலாம். இரண்டு நாள் வைத்துப் பார்த்தேன். பிரவுசருக்குப் போய்த் திரும்பினால் டூல்பாக்ஸைத் தேட வேண்டியிருக்கிறது. இதில் மட்டும் புதியவர்கள் கட்சிக்குத் தாவிவிட்டேன்.

மாற்றாமல் விட வேண்டியவை

பழையதெல்லாம் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவன் இல்லை நான். 3-இல் ஒரு படத்தை ஒட்டினால் மிதக்கும் லேயராகத் தொங்கிக்கொண்டிருக்காமல் நேரே புது லேயராக விழுகிறது. அந்த மிதக்கும் லேயரில் மாட்டிக்கொண்டு முழித்த புதியவர்கள் எத்தனை பேர்!

ஃபில்டர்களும் மாறியிருக்கின்றன. ப்ளர் போட்டால் லேயருக்குப் பக்கத்தில் எஃப்எக்ஸ் என்று ஓர் அடையாளம் வரும், அதை அழுத்தி நாளைக்கும் அளவை மாற்றலாம், மறைக்கலாம், எடுத்தே விடலாம். முதலில் இது எரிச்சலாக இருந்தது, போட்டோ கறை வேலையில் இப்போது இது இல்லாமல் முடியாது. எப்போதும்போல் உடனே படத்தில் கலந்துவிட வேண்டும் என்றால் ஃபில்டர் ஜன்னலின் அடியில் "மெர்ஜ் ஃபில்டர்" என்று டிக் இருக்கிறது.

லேயருக்குப் பக்கத்தில் இருந்த சங்கிலி அடையாளத்தை ஒரு வாசகர் தேடிக்கொண்டிருந்தார். அதை எடுத்துவிட்டார்கள். கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு வேண்டிய லேயர்களை ஒவ்வொன்றாகக் கிளிக் செய்தால் எல்லாம் சேர்ந்து தேர்வாகும், மூவ் டூலால் ஒன்றாக நகர்த்தலாம்.

ஃபோட்டோஷாப்காரர்கள் சிலரும் இதே கேள்வியோடு வருகிறார்கள், தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். 2018 அக்டோபரில் வந்த சிசி 2019-இல், படத்தின் அளவை மாற்றும்போது ஷிஃப்ட் பிடித்தால்தான் விகிதம் மாறாது என்றிருந்ததைத் தலைகீழாக்கினார்கள். பிரிஃபரன்சஸ் → ஜெனரலில் "யூஸ் லெகசி ஃப்ரீ டிரான்ஸ்ஃபார்ம்" டிக் செய்தால் பழையபடி. அன்டூ மாறியது பிடிக்கவில்லை என்றால் எடிட் → கீபோர்டு ஷார்ட்கட்ஸில் "யூஸ் லெகசி அன்டூ ஷார்ட்கட்ஸ்", பிறகு மூடித் திறக்க வேண்டும்.

இன்னொரு சேர்ப்பு: மேக்கில் எடிட் மெனுவில் பிரிஃபரன்சஸ் இல்லையே என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். மேலே இடது ஓரத்தில் கிம்ப் என்ற பெயரிலேயே ஒரு மெனு இருக்கும், அதைத் திறங்கள்.

அச்சகத்தில் இன்னும் 2.10 வைத்திருக்கிறார்கள், 3-இல் செய்த எக்ஸ்சிஎஃப் அங்கே திறக்கவில்லை என்று இன்னொருவர் கேட்டார். எஃப்எக்ஸ் அடையாளத்தோடு விட்ட ஃபைல்தான் காரணமாக இருக்கும். லேயர் மெனுவில் எஃபெக்ட்களை மெர்ஜ் செய்துவிட்டு சேமித்துப் பாருங்கள். சேவ் ஜன்னலின் அடிப்பக்கம், பழைய பதிப்பில் திறக்காது என்று ஒரு வரி எச்சரிக்கை வருகிறதா என்பதையும் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.