ஸ்கேன் தேதி வரும்வரை என்ன செய்வது?

டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொல்லிவிட்டார், தேதியோ வாரக்கணக்கில் தள்ளிக் கிடைத்திருக்கிறது என்றால் இது உங்களுக்குத்தான். "ஒன்றும் இருக்காது, தைரியமாக இரு" என்று நான் சொல்லப் போவதில்லை. வீட்டில் எல்லோரும் எனக்கு அதைத்தான் சொன்னார்கள். அதனால் எனக்கு ஒரு ராத்திரிகூடத் தூக்கம் வந்ததில்லை.

எனக்கு இடது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போகும். சட்டைப் பொத்தான் போடும்போது விரலுக்கும் பொத்தானுக்கும் நடுவில் மெல்லிய துணி ஒன்று இருப்பதுபோலத் தோன்றும். கூடவே பிடரியில் ஆரம்பித்து மேலே ஏறுகிற தலைவலி. கழுத்துக்கும் மூளைக்கும் எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்தார்கள். சீட்டில் கழுத்து என்று இருந்தது என் கண்ணிலேயே படவில்லை, மூளை மட்டும்தான் பட்டது.

அதனால் முதலில் டாக்டரிடம் இதைக் கேளுங்கள்: "இந்த ஸ்கேனில் எதைத் தேடுகிறீர்கள்?" கேட்காமல் வெளியே வந்துவிட்டிருந்தால் போன் போட்டாவது கேளுங்கள். என் டாக்டர் சொன்னது: "கழுத்து எலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறதா என்று பார்க்க வேண்டும். கட்டைவிரல் பக்கம் மரத்துப்போவதற்கு அதுதான் பொருந்துகிறது. தலைவலியும் சேர்ந்திருப்பதால் மூளையையும் ஒரு தடவை பார்த்துவிடலாம்." பயம் ஒரேயடியாகப் போய்விடவில்லை. ஆனால் அதுவரை என் தலைக்குள் என்ன இருக்கிறது என்று நானே முடிவுகட்டி வைத்திருந்தேனே, அதன் பிடி கொஞ்சம் தளர்ந்தது. இன்னும் இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள். ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்றால் அடுத்து என்ன செய்வோம்? ரிசல்ட்டை யார், எப்போது, எப்படிச் சொல்வார்கள்? இந்தக் கடைசிக் கேள்வியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். அப்புறம் போன் அடிக்கும்போதெல்லாம் வயிறு கலங்கும்.

அடுத்தது, எப்போது காத்திருக்கக் கூடாது என்பது. திடீரென்று முகம் ஒரு பக்கமாகக் கோணிப்போவது, ஒரு கையோ காலோ தளர்ந்துபோவது, பேச்சு குழறுவது, இதுவரை வந்திராத அளவுக்குச் சட்டென்று மண்டை பிளக்கிற தலைவலி, வலிப்பு, திடீரென்று பார்வை மங்குவது, முதுகு அல்லது கழுத்துப் பிரச்சினையோடு இரண்டு காலும் தளர்வது, சிறுநீர் கழிக்க முடியாமலோ அடக்க முடியாமலோ போவது, பிறப்புறுப்பைச் சுற்றி உணர்ச்சியே இல்லாமல் போவது. இதில் எது வந்தாலும் ஸ்கேன் தேதியை மறந்துவிட்டு உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். உங்கள் நோய்க்கு வேறு அபாய அறிகுறிகள் இருக்கலாம், அதையும் டாக்டரிடமே கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எழுதிவைத்ததில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. நடு ராத்திரியில் கை மரத்துப்போனால் எழுந்து அந்தத் தாளைப் பார்ப்பேன், அதில் இல்லை என்றால் திரும்பப் போய்ப் படுப்பேன். தூங்கினேனா என்பது வேறு கதை.

அறிகுறிகள் மெதுவாகக் கூடிக்கொண்டே போனால் அதையும் சொல்லித் தேதியை முன்னால் தள்ள முடியுமா என்று கேட்கலாம். யாராவது வரமுடியாமல் போகும் இடம் கிடைத்தால் கூப்பிடச் சொல்லியும் பெயர் கொடுத்து வைக்கலாம். தொந்தரவு கொடுக்கிறோமோ என்று தயங்க வேண்டாம்.

காத்திருக்கும் நாட்களில் உருப்படியாகச் செய்யக்கூடியது ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்வது. தேதி, நேரம், என்ன வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன், எதனால் குறைந்தது. அவ்வளவுதான் எழுத வேண்டும். "பயமாக இருக்கிறது" என்பதை அதில் எழுதாதீர்கள், அதற்கு வேறு நோட்டுப் போடுங்கள். நாளுக்கு ஒரே தடவை, சாயங்காலம் உட்கார்ந்து எழுதினால் போதும். என் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது: குனிந்து போன் பார்த்த பிறகும், இடது பக்கம் ஒருக்களித்துத் தூங்கி எழுந்த பிறகும்தான் மரத்துப்போவது அதிகம். கையைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டால் குறையும். டாக்டர் அந்தக் கடைசி வரியைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். கழுத்து நரம்பு அழுத்தத்தில் அப்படிக் குறைவது உண்டாம்.

குறிப்பேட்டுக்கு வெளியே உடம்பைச் சோதிப்பதை நிறுத்த வேண்டும். நான் கட்டைவிரலை ஆள்காட்டி விரலோடு தேய்த்துத் தேய்த்து "உணர்ச்சி இருக்கிறதா" என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். தேய்த்த இடம் எரியும், அதுவே புது அறிகுறி மாதிரி தெரியும். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். பதற்றத்தில் மூச்சு வேகமாகும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. அதனாலேயே விரல் நுனிகளும் வாயைச் சுற்றியும் சுருசுருவென்று இருக்கும், தலை கிறுகிறுக்கும். இரண்டு கையிலும் உதட்டிலும் ஒரே நேரத்தில் வந்தால் முதலில் மூச்சைக் கவனித்துப் பாருங்கள். மூக்கால் மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட நீளமாக விடுவதைச் சில நிமிடம் செய்தால் இந்த வகை அடங்கிவிடும்.

கூகுள் தேடலைப் பற்றி அறிவுரை சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை, அதனால் ஒரு வரி மட்டும்: அறிகுறியைத் தேடாதீர்கள், ஸ்கேனுக்கு எப்படித் தயாராவது என்று தேடுங்கள்.

தயாரிப்பு ஸ்கேனுக்கு ஸ்கேன் மாறும். வயிற்று அல்ட்ராசவுண்டுக்குப் பெரும்பாலும் பல மணி நேரம் வெறும் வயிற்றோடு வரச் சொல்வார்கள், அடிவயிற்றுக்கு என்றால் சிறுநீர்ப்பை நிறையத் தண்ணீர் குடித்து அடக்கிக்கொண்டு. சி.டி. ஸ்கேன் எக்ஸ்ரே கதிரால் எடுப்பது, சில நிமிடங்களில் முடியும். கர்ப்பமாக இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால் எந்த ஸ்கேன் ஆனாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஊசி மருந்து ஏற்றி எடுப்பதாக இருந்தால் சிறுநீரகக் கோளாறு, முன்பு ஏதாவது மருந்துக்கு வந்த அலர்ஜி, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுவது, எல்லாவற்றையும் சொல்லுங்கள். நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்த வேண்டாம்.

எம்.ஆர்.ஐ.யில் கதிர் கிடையாது, காந்தமும் ரேடியோ அலையும்தான். அந்தக் காந்தம் எப்போதும் இயங்கிக்கொண்டே இருக்கும், ஸ்கேன் ஓடாதபோதும். ஆகவே உள்ளே போகுமுன் தரும் கேள்வித்தாளை அவசரமாக டிக் அடிக்காதீர்கள். பேஸ்மேக்கர், காதுக்குள் பொருத்திய கருவி, மூளை ரத்தக்குழாயில் போட்ட கிளிப், எப்போதோ கண்ணில் தெறித்த உலோகத் துகள், தோலில் ஒட்டும் மருந்துப் பட்டை, பச்சை குத்தியது என்று எதையும் விடாதீர்கள். உலோக வேலை, வெல்டிங் பார்த்தவர்கள் கண் விஷயத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

மூடிய இடம் ஆகாது என்றால் அன்றைக்குப் போய்ச் சொல்வதைவிட இப்போதே சொல்லுங்கள். பதற்றம் குறைய மாத்திரை தருவார்கள். அதைப் போட்டுக்கொண்டால் நீங்கள் வண்டி ஓட்டக் கூடாது, துணைக்கு ஆள் வேண்டும். சில இடங்களில் அகலமான கருவியும் இருக்கும்.

உள்ளே எப்படி இருக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். தலைக்கு மேல் கூண்டு மாதிரி ஒன்றை மாட்டுவார்கள். அதில் சின்னக் கண்ணாடி இருந்தால் அதன் வழியாக உங்கள் கால் பக்கமும் வாசலும் தெரியும். எனக்கு அது பெரிய உதவியாக இருந்தது. கையில் அழுத்துகிற ரப்பர் பந்து ஒன்று கொடுப்பார்கள், அழுத்தினால் ஆள் வருவார்கள். மேடை உள்ளே நகர்வதற்கு முன்பே ஒரு தடவை அழுத்திப் பார்த்துக்கொள்ளுங்கள். காதை அடைத்திருந்தாலும் சத்தம் பலமாகத்தான் இருக்கும்: தட்டல், அப்புறம் துளைபோடுகிற ரீங்காரம், நடுவில் திடீர் அமைதி. அந்த அமைதியில் "ஏதோ கண்டுபிடித்துவிட்டார்களோ" என்று மனசு ஓடும். அடுத்த வரிசைப் படத்துக்குக் கருவி தயாராகிறது, வேறொன்றும் இல்லை. கண்ணை மூடுவதாக இருந்தால் உள்ளே போகுமுன்பே மூடிவிடுங்கள். எந்தப் பகுதி, எத்தனை வரிசை என்பதைப் பொறுத்துப் பொதுவாக 20 முதல் 60 நிமிடம் ஆகும். 1977-ல் ஒரு மனிதரின் நெஞ்சை முதன்முதலாக இப்படிப் படமெடுத்தபோது ஒரே ஒரு படத்துக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆனதாம்.

வெளியே வந்ததும் டெக்னீஷியன் முகத்தைப் படிக்க முயலாதீர்கள். ரிசல்ட் சொல்வது அவர் வேலை இல்லை, படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது ரேடியாலஜிஸ்ட். "பார்த்துப் போங்க" என்று டெக்னீஷியன் சொன்னதற்கு நான் படிக்கட்டு முழுக்க அர்த்தம் தேடிக்கொண்டே இறங்கினேன். கடைசிப் படி உடைந்திருந்தது.

ரிப்போர்ட் டாக்டருக்கு முன்னால் உங்கள் போனுக்கு வந்துவிடலாம். திறப்பதா வேண்டாமா என்று முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ளுங்கள். திறந்தால் கடைசியில் இருக்கும் முடிவுரையை முதலில் படியுங்கள், நடுவில் வருவது கண்ணில் பட்டதெல்லாம் எழுதும் பட்டியல். வயசானால் நரை வருகிற மாதிரி உடம்புக்குள்ளும் பல மாற்றங்கள் வரும், அதெல்லாம் அதில் ஏறிவிடும். முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-ல் வந்த ஆய்வில், 20 வயதுக்காரர்களிலேயே சுமார் 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது, 80 வயதில் 84 சதவீதம். ஆகவே ரிப்போர்ட்டில் ஒன்று இருக்கிறது என்பதாலேயே உங்கள் தொந்தரவுக்கு அதுதான் காரணம் என்றாகிவிடாது. என் ரிப்போர்ட்டில் சைனஸ் சவ்வு கொஞ்சம் தடித்திருப்பதாக ஒரு வரி. டாக்டர் அதன்மேல் விரலை வைத்து "இது ஜலதோஷம்" என்று தள்ளிவிட்டு, கழுத்துப் பக்கத்துக்குப் போனார். அங்கே அவர் எதிர்பார்த்தது இருந்தது.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது கூட ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், பாதி நமக்குக் காதில் விழாது. குறிப்பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, படங்கள் அடங்கிய குறுந்தகடோ ஃபிலிமோ வேண்டும். அதே இடத்துக்கு முன்பு எப்போதாவது ஸ்கேன் எடுத்திருந்தால் அதையும் தேடி எடுத்து வையுங்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எது புதுசு என்று அவருக்குத் தெரியும்.