சான்றிதழ் அடுக்கும் இடம் அல்ல போர்ட்ஃபோலியோ

எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். ஆசிரியர் தன் வகுப்பு வேலையைச் சேர்த்துவைக்கும் டிஜிட்டல் போர்ட்ஃபோலியோ என்றதும் பயிற்சிச் சான்றிதழ்களை ஸ்கேன் செய்து அடுக்குபவர்கள்தான் அதிகம். அது ஆய்வுக்கு அதிகாரி வரும் நாளுக்கு உதவும். நமக்கு வேண்டியது வேறு: பாடம் எங்கே பிடிபட்டது, எங்கே தடுமாறியது என்று காட்டும் தொகுப்பு.

கூகுள் டிரைவில் பாடத்துக்கு ஒரு ஃபோல்டர் போதும். இலவசக் கணக்கில் 15 ஜிபி உண்டு. ஜிமெயிலும் போட்டோஸும் அதிலேயே பங்கு கேட்கும். அதனால் வீடியோவைக் குறைத்து மாணவர்களின் நோட்டுப் பக்கங்களைப் படமெடுங்கள். நன்றாக எழுதியது ஒன்று, சுமாரானது ஒன்று, தடுமாறியது ஒன்று. பெயரை மறைத்துவிடுங்கள். மூன்றாவதுதான் பொக்கிஷம். விசையின் அலகான நியூட்டனை அழுத்தத்தின் அலகு என்று எழுதிய பக்கம், விசைக்கும் அழுத்தத்துக்கும் வேறுபாடு பிடிபடவில்லை என்று காட்டிவிடும். அடுத்த ஆண்டு அங்கிருந்தே தொடங்கலாம்.

சுயமதிப்பீட்டை ராத்திரி எழுதிக்கொள்ளலாம் என்றால் நடக்காது. மணியடித்ததும் போனில் ஒரு நிமிடம் பேசிப் பதிவு செய்யுங்கள். "நல்லா போச்சு" என்பது பதிவே அல்ல. எந்தக் கேள்விக்கு வகுப்பு அமைதியானது, யார் புதிதாகக் கை தூக்கினார் என்று சொல்லுங்கள்.

மாணவர் கருத்துக்கு கூகுள் ஃபார்ம் வசதிதான். ஆனால் அப்பா வேலை முடிந்து வந்த பிறகே போன் கிடைக்கும் பிள்ளைகளுக்குத் துண்டுச்சீட்டே மேல். பெயர் வேண்டாம். "பாடம் பிடிச்சுதா?" என்றால் "ஆமாம் மிஸ்" என்றுதான் வரும். "எந்த இடத்தில் நான் வேகமாகப் போனேன்?" என்று கேளுங்கள். சீட்டுகளைப் படமெடுத்து அதே ஃபோல்டரில் போடுங்கள். மறுநாள் ஒன்றையாவது வாசித்து, அதற்காக எதை மாற்றினீர்கள் என்று வகுப்பில் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை வெற்றுச்சீட்டுதான் வரும்.