விலைப்பட்டியலை இணையத்தளத்தில் போடுபவர்களுக்கு

கூகுள் சைட்ஸில் கடைக்குத் தளம் செய்பவர்கள் விலைப்பட்டியலைப் பக்கத்திலேயே தட்டச்சு செய்ய வேண்டாம். கூகுள் ஷீட்ஸில் அட்டவணை போட்டு, அதைப் பக்கத்தில் செருகுங்கள். மருதமுனைக் கைத்தறிச் சாரனின் விலை ஏறினால் கடையில் நிற்பவரே போனில் ஷீட்டைத் திறந்து மாற்றிவிடலாம்.

ஆனால் முழு ஷீட்டையும் அவர் கையில் கொடுக்காதீர்கள். டேட்டா மெனுவில் ‘புரொடெக்ட் ஷீட்ஸ் அண்ட் ரேஞ்சஸ்’ மூலம் பொருளின் பெயரையும் குறியீட்டையும் பூட்டி, விலை, இருப்பு இரண்டை மட்டும் திறந்து விடுங்கள். இருப்பு நிரலுக்கு டிராப்டவுன், அதாவது தயாராக உள்ள சொற்களில் ஒன்றைத் தெரிவு செய்யும் பட்டியல், அவசியம். இல்லாவிட்டால் ஒருவர் ‘இல்லை’ என்று எழுதுவார், இன்னொருவர் ‘முடிஞ்சுது’ என்பார், அப்புறம் எதையும் ஒழுங்காக வடிகட்ட முடியாது.

தொலைபேசி இலக்கம்தான் பெரிய தொல்லை. மட்டக்களப்பின் 065, கல்முனையின் 067 என்று தொடங்கும் இலக்கத்தை இடைவெளி விடாமல் அடித்தால், ஷீட்ஸ் அதை எண்ணாக எடுத்து முன்னால் உள்ள பூச்சியத்தை விழுங்கிவிடும். இலக்கங்களை இடுவதற்கு முன்பே அந்த நிரலை ‘பிளெயின் டெக்ஸ்ட்’ (வெறும் எழுத்து) ஆக்குங்கள். பிறகு மாற்றினால் போன பூச்சியம் திரும்பாது.

ஷீட்டின் பகிர்வில் ‘லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்’ என்று வைத்தால்தான் வாடிக்கையாளருக்கு அட்டவணை தெரியும். சரி, அப்படியானால் கொள்முதல் விலை? நிரலை மறைத்தால் போதாது. பார்ப்பவர் பிரதி எடுத்துத் திறந்துவிடலாம். அதற்குத் தனி ஷீட் கோப்பு வைத்துக்கொள்ளுங்கள்.