‘வேணும்னே பண்றான்’: குழந்தைகளின் டிக் விஷயத்தில் நாம் செய்யும் தவறுகள்

ஆறு வயதுப் பையன் ஓயாமல் கண்ணைச் சிமிட்டுகிறான். கண்ணில் கோளாறு இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். இன்னொரு பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டே இருக்கிறாள். இருமல் மருந்து பாட்டில் பாட்டிலாகக் காலி. இப்படிப் பிள்ளை விரும்பாமலே திரும்பத் திரும்ப வரும் அசைவோ சத்தமோதான் டிக். பென்னாகரமோ ஊத்தங்கரையோ, அடுத்து யாராவது மந்திரிக்கச் சொல்வார்கள். தாயத்து கட்டிய வாரமே குறைந்தும்விடும்! டிக் தானாகவே கூடும், குறையும், வேறொன்றாக மாறும். பேர் மட்டும் தாயத்துக்கு.

அதைவிடப் பெரிய தவறு, ‘வேணும்னே பண்றான்’ என்று திட்டுவது. அப்படித் தோன்றக் காரணம் உண்டு. பள்ளியில் அடக்கிக்கொள்பவன் வீட்டுக்கு வந்து பையை வைத்ததும் சிமிட்டித் தீர்க்கிறான். “மிஸ் முன்னாடி மட்டும் வரலையே?” என்கிறோம். தும்மலை எவ்வளவு நேரம் அடக்க முடியும்? அது மாதிரிதான். உள்ளே ஓர் உறுத்தல் ஏறிக்கொண்டே போகும், செய்தால்தான் அடங்கும். திட்டினால் பதற்றம் கூடும், டிக்கும் கூடும். வகுப்பில் எழுப்பி நிற்க வைப்பதும் இதே கதைதான். கண்டுகொள்ளாமல் இருங்கள், ரொம்பத் தொந்தரவானால் இரண்டு நிமிஷம் வெளியே போய் வரட்டும் என்று ஆசிரியரிடம் சொல்லிவையுங்கள்.

எல்லாருக்கும் மாத்திரை தேவையில்லை. பொதுவாகப் பத்து, பன்னிரண்டு வயதில் உச்சத்துக்குப் போய், பிறகு பெரும்பாலானவர்களுக்குக் குறைந்துவிடும். வலி, கேலி, படிப்புக்கு இடைஞ்சல் என்றால் முதலில் பயிற்சிதான். உறுத்தல் வந்ததும் அதற்கு எதிரான ஒன்றைச் செய்யப் பழக்குவார்கள்: தோள் குலுக்கலுக்கு முழங்கையை விலாவோடு அழுத்திப் பிடிப்பது, செருமலுக்கு வாயை மூடி மூக்கால் மெதுவாக மூச்சு விடுவது. 2010-ல் வெளியான அமெரிக்க ஆய்வில் 126 பிள்ளைகள். பத்து வாரம், எட்டு அமர்வு. இந்தப் பயிற்சி பெற்றவர்களில் பாதிப் பேருக்கு மேல் நல்ல முன்னேற்றம். வெறும் ஆறுதல் ஆலோசனை பெற்றவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. டிக்கைக் குறைக்க டாக்டர் குளோனிடின் மாதிரி மாத்திரை கொடுத்திருந்தால், ‘சரியாயிடுச்சு’ என்று நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள், ரத்த அழுத்தம் எகிறும்.

கவனக்குறைவும் திரும்பத் திரும்பச் சரிபார்க்கும் பழக்கமும் கூடவே இருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். பல பிள்ளைகளுக்கு உண்மையான தொல்லை அதுதான்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் குழந்தை நல மருத்துவரிடம் காட்டலாம். ஓசூர்க்காரர்களுக்கு பெங்களூரு நிம்ஹான்ஸ் (மனநல, நரம்பியல் மருத்துவமனை) பக்கம். போகும்போது செல்போனில் ஒரு வீடியோ எடுத்துப் போங்கள். டாக்டர் முன்னால் பிள்ளை அடக்கிக்கொள்ளலாம்.