கட்டில் போட்டால் வார்டு ஆகிவிடாது

சுவாசத் தொற்று பரவுகிறது என்றதும் மருத்துவமனையில் கூடும் முதல் கூட்டத்தில் முதல் கேள்வியே, "எத்தனை பெட் இருக்கு?" என்பதுதான். அந்த எண்ணைப் பலகையில் எழுதியதுமே பாதி வேலை முடிந்த நிம்மதி வந்துவிடும். முதல் தவறும் அதுதான்.

ஆக்சிஜனையே எடுத்துக்கொள்வோம். பெரிய சிலிண்டரில் ஏறக்குறைய 7,000 லிட்டர் வாயு இருக்கும். மூக்கு வழியே செலுத்தும் ஹைஃப்ளோ கருவிக்கு நிமிடத்துக்கு 60 லிட்டர் வரை தேவைப்படலாம். வகுத்துப் பாருங்கள், ஒரே நோயாளிக்கு இரண்டு மணி நேரம்கூட வராது. சரி, திரவ ஆக்சிஜன் டேங்க் இருக்கிறதே? ஒரு லிட்டர் திரவம் சுமார் 860 லிட்டர் வாயுவாக விரியும், உண்மைதான். ஆனால் அதை வாயுவாக்கும் வேப்பரைசரும் வார்டுக்கு வரும் குழாயும் நிமிடத்துக்கு இவ்வளவுதான் தரும். டேங்க் நிறைந்திருக்கும்போதே கடைக்கோடி வார்டில் அழுத்தம் இறங்கி வென்டிலேட்டர் அலறுவது இதனால்தான். பெட் எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே நிமிடத்துக்கு எவ்வளவு ஆக்சிஜன் வரும் என்பதையும் கேட்டு எழுதிவையுங்கள்.

வீணாவதையும் யாரும் கவனிப்பதில்லை. நோயாளி சாப்பிட மாஸ்க்கைக் கழற்றித் தலையணையில் வைப்பார். தட்டை எடுக்கும்வரை அது அங்கேயே உஸ்ஸென்று ஊதிக்கொண்டிருக்கும். ஆக்சிஜன் ஊறிய துணி சிறு பொறியிலும் பற்றிக்கொள்ளும் என்பதால் இது செலவோடு நிற்கிற விஷயமில்லை. ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு 100 காட்டினால்தான் நல்லது என்று ஃப்ளோவைக் கூட்டிக்கொண்டே போவதும் வேண்டாம். பெரியவர்கள் பெரும்பாலோருக்கு 92 முதல் 96 சதவீதம் போதும்.

அப்புறம், காற்று. ஸ்ப்ளிட் ஏசி பெரும்பாலும் அறைக்குள் இருக்கும் காற்றையே குளிர வைத்துச் சுற்றவிடுகிறது. தனிமை அறையில் மணிக்கு 12 தடவையாவது காற்று மாற வேண்டும், அது வராந்தாவுக்குக் கசியவும் கூடாது. சோதிப்பது எளிது: மூடிய கதவின் அடியில், வெளிப்பக்கம், மெல்லிய டிஷ்யூ துண்டைப் பிடியுங்கள். உள்ளே இழுத்தால் சரி. வெளியே பறந்தால் வாசலில் தொங்கும் 'ஐசொலேஷன்' பலகைக்கு அர்த்தமில்லை.

வருகிற நோயாளிகளை வாசலிலேயே வடிகட்டாமல் விடுவது எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்குத் தென்கொரியாவே சாட்சி. 2015-இல் மெர்ஸ் என்ற சுவாச நோய் தொற்றிய ஒருவர் நெரிசலான அவசரப் பிரிவில் மூன்று நாட்கள் இருந்தார். அவரிடமிருந்து மட்டும் 82 பேருக்குத் தொற்றியது. இருமலோடு வருபவரை டோக்கன் வரிசையில் நிற்கவைக்காமல், கதவிலேயே மாஸ்க் கொடுத்துத் தனி வழியில் அனுப்புங்கள்.

வென்டிலேட்டர் வாங்கிவிட்டு அதை இரவு ஷிஃப்டில் யார் பார்ப்பார் என்று கேட்காததைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

கவச உடை பயிற்சி மட்டும் தலைகீழாக நடக்கிறது. அணிவதை அரை மணி நேரம் காட்டுவார்கள், கழற்றுவதை வாயால் சொல்லிவிடுவார்கள். தொற்று ஒட்டுவது பெரும்பாலும் கழற்றும்போதுதான். கையுறையும் அங்கியும் முதலில், மாஸ்க் கடைசியில், அதுவும் அறைக்கு வெளியே வந்தபின். இடையிடையே கைகழுவ வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் உழைத்தவருக்கு இந்த வரிசை மறந்துபோகும், அதனால் கழற்றும் இடத்தில் ஆளுயரக் கண்ணாடி ஒன்றும், "இரு, மாஸ்க்கைத் தொடாதே" என்று சொல்ல ஒரு ஆளும் வேண்டும்.